கொழும்பு வழியாக ஒரு டிக்கெட்

வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் கட்டட கம்பெனியில் எனக்கு கேம்ப் கிளார்க் வேலை. தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் யாருக்கு எந்த அறை, யாருக்கு விசா முடிகிறது, யார் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லாத இன்னொரு வேலையும் பிறகு என் தலையில் வந்து விழுந்தது. எங்கள் கேம்ப்பில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் அதிகம். அவர்களில் யாராவது இறந்துபோனால் உடலோடு ஒருவர் திருச்சி வரைக்கும் போய் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். எனக்கு ஊர் அரிமளம் பக்கம். "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே" என்று மேனேஜர் முதல் தடவை அனுப்பினார். அடுத்த தடவையிலிருந்து அதைக்கூடக் கேட்கவில்லை.

எட்டு வருடத்தில் பன்னிரண்டு பேரோடு வந்திருக்கிறேன். அவர்கள் கீழே சரக்கு அறையில், நான் மேலே இருக்கையில், மடியில் காகிதக் கட்டு. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடிக்கடி போறீங்க போலிருக்கே, மெம்பராகிக்கங்க சார், மைல்ஸ் சேரும், நெறைய சேர்ந்தா சும்மாவே டிக்கெட் எடுக்கலாம்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தாள். நான் எதற்காகப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஊரிலிருந்து திரும்பிய சில நாட்களில், மைல்ஸ் சேர்ந்துவிட்டது என்று வாழ்த்துச் சொல்லி போனுக்குச் செய்தி வரும்.

எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு. உடலோடு போனால் மூன்று நாள் ஊரில் தங்கிக்கொள்ளலாம். என் மகள் பிறந்ததிலிருந்து அவளை நான் அதிகம் பார்த்தது இந்த மூன்று மூன்று நாட்களில்தான். போனில் நான் "ஊருக்கு வாரேன்" என்றாலே என் மனைவி முதலில் "யாரு?" என்று கேட்பாள். ஊர், வயது, என்ன ஆனது என்று சொல்வேன். "பாவம்" என்பாள். கொஞ்சம் பொறுத்து, குரல் மாறி, "எப்ப வாரீங்க?" என்பாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருக்கும். அதை அவளாலும் மறைக்க முடியாது, என்னாலும் கேட்காதது மாதிரி இருக்க முடியாது.

மைல்ஸ் போதுமான அளவு சேர்ந்ததும் அவளையும் மகளையும் அங்கே கூப்பிட்டு ஒரு மாதம் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அவை எப்படிச் சேர்ந்தவை என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "அத நெனச்சா வரவே மனசில்ல. ஆனா வேற எந்த வழியில எங்களக் கூப்பிடப் போறீங்க?"

போன வருடம் வெயில் காலத்தில் எங்கள் சைட்டில் ஒரு கொத்தனார் விழுந்தார். உயரத்திலிருந்து இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்து, மூச்சுக்கு மிஷின் வைத்து ஐ.சி.யூ.வில் போட்டார்கள். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. மனைவியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். வீட்டுக்குத் தகவல் சொல்வதும் என் வேலைதான். சொன்னேன். மறுநாள் காலையில் கொத்தனாரின் மனைவியே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவுகளுக்கு மூச்சு இருக்காண்ணே?"

"இருக்கும்மா. மிஷின் வச்சிருக்காங்க."

"நான் வரலாமாண்ணே? எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு."

ஒரு காலத்தில் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகலாம் என்று அவள் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறாள். கொத்தனார்தான் வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அது பீரோவில் கிடந்திருக்கிறது.

ஆபீஸில் போய்க் கேட்டேன். ஆள் இறந்துவிட்டால் உடலுக்கும் கூடப் போகிறவருக்கும் கம்பெனி டிக்கெட் எடுக்கும், உயிரோடு இருக்கிறவரைப் பார்க்கச் சொந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு அப்படி எதுவும் இல்லை என்றார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். விசா வேலை பார்க்கும் ஆள் மட்டும் ஓடி அலைந்து அவளுக்கு விசிட் விசா எடுத்துக் கொடுத்தார். பள்ளி லீவு நேரம், டிக்கெட் விலை எங்கேயோ இருந்தது.

அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து போனில் என் மைல்ஸ் கணக்கைத் திறந்து பார்த்தேன். நான் மெம்பராக இருக்கிற ஏர்லைன்ஸின் திருச்சி விமானத்தில் அந்த மாதம் முழுவதும் மைல்ஸுக்குக் கொடுக்கும் சீட் ஒன்றுகூட இல்லை. கேம்ப்புக்கு வெளியே டிராவல்ஸ் கடை வைத்திருந்தவரிடம் போனேன். "அவங்க கூட்டாளி ஏர்லைன்ஸ் நாலஞ்சு இருக்கு. உங்க மைல்ஸ வச்சு அதுலயும் போடலாம். ஆனா ஆப்புல காட்டாது. போன் பண்ணித்தான் கேக்கணும்" என்றார்.

போன் செய்தேன். பாட்டு ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. கடைசியில் வந்த பெண் பொறுமையாகத் தேடினாள். திருச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இங்கே. இரண்டும் கூட்டாளி விமானம். திரும்புவதற்கு ஏழாவது நாள் ஒரு சீட் இருந்தது. அதில் போனால் கொழும்பில் ஒரு பொழுது காத்திருந்து மறுநாள்தான் திருச்சி விமானம். வேறு தேதி கிடையாது. பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அந்த நிறுவனம் சீட் விட்டால் மாற்றலாம், எங்கள் கையில் இல்லை என்றாள். யாருக்கு டிக்கெட், உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். குடும்பத்து ஆளுக்குத்தான் மைல்ஸைக் கொடுக்கலாமாம்.

"தங்கச்சி" என்றேன்.

வரியை மட்டும் என் கார்டில் கட்டினேன். அதுவரை சேர்ந்த மைல்ஸில் முக்கால்வாசி அந்த ஒரு டிக்கெட்டில் போய்விட்டது.

மனைவியிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி" என்றாள். பிறகு, "பிள்ளைக்கிட்ட நீங்களே சொல்லிருங்க. பிளேன்ல போகப்போறேன்னு ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கு" என்றாள். நான் சொல்லவில்லை. அவளே சொல்லியிருக்க வேண்டும்.

கொத்தனாரின் மனைவி வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் நான்தான் போய் நின்றேன். பச்சைச் சேலை, கையில் ஒரு துணிப்பை, கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கொழும்பில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றதாகவும், தரை துடைக்கும் ஒரு அம்மா தமிழ் பேசி வழி காட்டியதாகவும் வண்டியில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்த தமிழ் நர்ஸ் ஒருவர் தன் அறையில் அவளுக்கு இடம் கொடுத்தார்.

நான்கு நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பதினைந்து பதினைந்து நிமிடம் அவள் அவரைப் பார்த்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். காலைத் தொட்டுக்கொண்டே நிற்பாள். பிள்ளைகள் பேசியதை போனில் பதிந்து கொண்டு வந்திருந்தாள், அதை அவர் காதில் வைப்பாள். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலையில் அவர் இறந்துபோனார்.

எம்பசி, போலீஸ், ஆஸ்பத்திரி என்று எனக்கு அத்துப்படியான வேலை. இரண்டு நாளில் காகிதங்கள் முடிந்தன. ஏழாம் நாள் மத்தியானம் திருச்சிக்கு நேராகப் போகும் விமானத்தில் பெட்டிக்கு இடம் கிடைத்தது. அன்று காலைதான் அவளுக்கும் திரும்பும் விமானம், கொழும்பு வழியாக. நான் கால் சென்டருக்கு மறுபடி போன் செய்தேன். அவளை அந்த நேர் விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அது கூட்டாளி நிறுவனத்து டிக்கெட், எங்கள் விமானத்தில் மைல்ஸ் சீட் இல்லை, மன்னிக்கவும் என்றார்கள். கேம்ப்பில் அவருடைய அறைக்காரர்கள் நாங்கள் சேர்ந்து டிக்கெட் எடுக்கிறோம் என்று வந்து நின்றார்கள். டிராவல்ஸ்காரர் பார்த்துவிட்டு, விமானம் நிறைந்துவிட்டது, கூடப் போகிறவருக்காக உங்கள் கம்பெனி பிடித்து வைத்திருக்கிற ஒரே சீட்தான் இருக்கிறது என்றார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மலையாளி, தமிழ் ஓரளவு பேசுவார். "ஒரு சீட்தான் உண்டு. அந்தப் பெண் போகட்டுமா, நீ போறியா? யார் பேர் கொடுக்கட்டும்?"

யோசிக்கிற மாதிரி நான் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"நான் போறேன் சார். திருச்சில கஸ்டம்ஸ், கார்கோ எல்லாம் இருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் சொன்னதில் பாதி உண்மை. திருச்சியில் அந்த வேலைக்கென்று ஏஜென்ட் இருக்கிறார், முந்தின பதினோரு தடவையும் அவர்தான் எல்லாம் செய்திருக்கிறார். அவள் கையெழுத்துப் போட்டால் போதும், அதுவும் ஊரில் இருக்கும் கொத்தனாரின் தம்பி போட்டாலே நடக்கும். மீதி உண்மை என்னவென்றால், முந்தின நாளே நான் வீட்டுக்கு போன் செய்து வாரேன் என்று சொல்லிவிட்டேன். மகளோடும் பேசிவிட்டேன். ஒன்றேகால் வருடமாக நான் ஊருக்குப் போகவில்லை, அந்த வருடம் அதுவரை யாரும் இறக்கவில்லை. அதோடு எனக்குள் இன்னொன்றும் இருந்தது. என் மைல்ஸைக் கொடுத்தேனே, என் பிள்ளைக்கு வைத்திருந்ததைக் கொடுத்தேனே, இதையும் ஏன் கொடுக்க வேண்டும் என்று. அப்போது இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் சொன்னேன்.

"கம்பெனி ஆளுதான் பெட்டியோட போகணுமாம்மா. ரூல் அப்படி."

"அப்ப நான்?"

"நீங்க வந்த வழியாத்தான். மறுநாள் மத்தியானம் வந்துருவீங்க. நான் கூடவே இருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் வச்சிருப்போம்."

"வச்சிருப்பீங்களாண்ணே?"

"வச்சிருப்போம்மா."

அவள் தலையாட்டினாள். ரூல் என்று சொன்னதை நம்பினாள். வந்ததிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் ரூல்தான்.

ஏழாம் நாள் காலையில் அவளை ஏற்றிவிட்டு, அதே விமான நிலையத்தின் இன்னொரு கவுண்டரில் மத்தியானம் நான் நின்றேன். கவுண்டர்ப் பெண் மெம்பர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

பெட்டி அன்று இரவு ஊர் போய்ச் சேர்ந்தது. ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். மறுநாள் காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று சாயங்காலம் அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக்கட்டு. ஊருக்குள் பிணம் கிடந்தால் காப்புக் கட்ட மாட்டார்கள். பெரியவர்கள் பந்தலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். கொத்தனாரின் தம்பியும் பக்கத்தில் நின்றார்.

"எத்தன மணிக்கு அந்தப் புள்ள வருது தம்பி?"

"ஒரு மணிக்கு திருச்சில இறங்குவாங்க. ரெண்டரைக்கெல்லாம் இங்க வந்துரலாம்."

"சரி. மூணு மணி வரைக்கும் பாப்பம். அதுக்கு மேல முடியாது. வீடு கழுவி, தெருக் கழுவி, ஊரு கூடணும்ல."

அவர்கள் நியாயமாகத்தான் பேசினார்கள். பதினொன்றரை மணிக்கு என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவள் டிக்கெட்டில் என் நம்பர்தான் கொடுத்திருந்தேன். கொழும்பிலிருந்து புறப்படும் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். போனைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். சொல்லாமல் இருந்தால் மூன்று மணி வரைக்குமாவது வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு மட்டும் என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. போய்ச் சொன்னேன்.

பெரியவர் ஒருவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப தூக்கிருவோம்ப்பா. வேற என்ன செய்யிறது."

கொத்தனாரின் தம்பி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் கம்பெனி ஆள், வெளியூர் ஆள். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர்க் கட்டுக்கு முன்னால் அது நின்றிருக்காது என்றாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து முகம் காட்டினார்கள். ஒரு மணிக்குள் சுடுகாட்டுக்குத் தூக்கிவிட்டார்கள்.

அவள் வந்தபோது மணி ஆறு இருக்கும். தெரு கழுவி ஈரமாகக் கிடந்தது. கோயில் பக்கம் மேளம் கேட்டது. காரிலிருந்து இறங்கியவளின் பையில் கொழும்பு விமானத்தின் லக்கேஜ் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. அவர்கள் தோளுக்கு மேலாக வீட்டைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வச்சிருப்போம்னு சொன்னீங்களேண்ணே."

நான் விமானம் லேட், காப்புக்கட்டு என்று ஏதோ சொன்னேன். அதற்குள் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று எட்டு மணி வாக்கில் அரிமளம் போய்ச் சேர்ந்தேன். மனைவி வெந்நீர் வைத்திருந்தாள். குளித்தேன். மகள் என் மடியைவிட்டு இறங்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். படுத்ததும் தூங்கிப்போனேன். இதை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

திரும்பிப் போன பிறகு, இனி உடலோடு போக மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். முடியவில்லை என்றேன். இப்போது வேறொருவர் போகிறார். ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. மனைவி காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "எனக்காகவும்தான் வந்தீங்க" என்று சொன்னாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, தன்மேலும் பழியைப் போட்டுக்கொண்டாளா, தெரியவில்லை.

இந்த வருடம் முறையான லீவில் வந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். நூறு நாள் வேலையில் கண்மாய்க்குப் போயிருக்கிறாள் என்று வீட்டில் சொன்னார்கள். கரையில் வண்டியை நிறுத்தினேன். மண் சுமந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்து, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"வாங்கண்ணே. எப்ப வந்தீங்க?"

நான் மனப்பாடம் செய்து கொண்டு போனதைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த ரூல்... என்று தொடங்கினேன்.

"தெரியும்ணே" என்றாள். கொத்தனாரின் அறையில் இருந்தவர் லீவில் வந்தபோது துக்கம் கேட்கப் போயிருக்கிறார். அந்தச் சீட்டில் நீங்களே வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கீழே மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"ஏசணும்னுதான் வச்சிருந்தேன்" என்றாள். "நெறைய நாளு மனசுக்குள்ளயே ஏசியிருக்கேன். ஆனா நீங்க டிக்கெட் போடலன்னா நான் அவுகள உசுரோட பாத்திருக்க மாட்டேன். அதுவும் வந்து நிக்கிது. ஏச வாய் வர மாட்டேங்குது, மன்னிக்கவும் வரல. அப்படியே கெடக்கு."

"தப்புதாம்மா."

"ஆமா." கரையில் குந்தி உட்கார்ந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இங்க யாரக் கேட்டாலும் சரியாச் சொல்ல மாட்டேங்கிறாக. பெட்டியத் தொறந்தப்ப மொகம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தூங்குற மாதிரி."

"அண்ணே. நீங்களுமா?"

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. முகம் கறுத்து உப்பியிருந்ததைச் சொன்னேன். உதட்டில் பஞ்சு ஒட்டியிருந்ததைச் சொன்னேன். பவுடர் போட்டிருந்தார்கள், அது திட்டுத்திட்டாக நின்றது என்று சொன்னேன். சின்ன மகள் எட்டிப் பார்த்துவிட்டு, இது அப்பா இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

அவளுக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"பிள்ளைங்க ரெண்டும் அழ ஆரம்பிச்சிருச்சு. மூடிருங்கன்னு பெரியவங்க சொன்னாங்க."

"யாரு மூடுனது?"

"நான்தாம்மா."

கீழேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், ஆபீசர் வருகிற நேரமாகிவிட்டது என்று. எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். தலைத்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். இறங்கிப் போய்ச் சட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வரிசையில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.